மரத்தில் செதுக்கிய பாட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நியூசிலாந்திலிருந்து அறிவரசன் வணங்கி எழுதுறேன். முட்டிவலி குறைஞ்சுதா? மாத்திரை வாங்க அரியலூர் போனியா?

எனக்கு இடது கையில கட்டு போட்டிருக்கு, பயப்படாத. இங்க பூர்வகுடி மாவோரி மக்களோட பொதுமண்டபத்துல சாரம் கட்டுற வேலை. மண்டபம் முழுக்க மரச்செதுக்கல். ஒவ்வொரு உருவமும் அவங்க முன்னோர்ல ஒருத்தராம். செவ்வாக்கிழமை அப்படி உருவம் செதுக்கின ஒரு பலகையைப் பழுதுபார்க்க இறக்கும்போது கயிறு நழுவிடுச்சு. ஓடிப்போய் நெஞ்சோட அணைச்சுத் தாங்கிட்டேன். மணிக்கட்டு லேசாப் பிசகிடுச்சு, அவ்வளவுதான்.

மண்டபத்தைப் பார்த்துக்கிற மேரேங்கிற அம்மா அழுதுக்கிட்டே வந்தாங்க.

"எங்க பாட்டனைக் கீழ விடாமப் புடிச்சீங்க. உங்க அப்பா எங்க இருக்காரு?"

"ஆடி மாசம் செத்துட்டாருங்க. பாடை தூக்குறதுக்கு நான் போகல."

அவங்க என் வலது கையைப் புடிச்சு அந்த மரமுகத்து மேல வச்சாங்க. சேதி வந்தப்போ வராத அழுகை அப்ப வந்துச்சும்மா.

தங்கச்சி கலையரசிகிட்டச் சொல்லி அப்பா போட்டோ ஒன்னு அனுப்பு. மாலை போட்டது வேண்டாம். செந்துறை பஸ் ஸ்டாண்டுல சிரிச்சுக்கிட்டு நிப்பாரே, அது போதும்.

கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வந்துடுச்சு. வேளைக்குச் சாப்புடு.

உன் மகன்,
அறிவரசன்