கேசட்டில் இல்லாத இரண்டு வரிகள்

மைக்குக்கு எட்டாத தூரத்தில் நின்ற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கோழிகளைத் திட்டுகிறாள். பாடுவது மட்டும் இல்லை. போன மாதம் சின்னமனூரில் பஸ் ஏறினோம். உள்ளே அவள் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "பாட்டி, வழிய மறிக்காம உள்ள தள்ளிப் போ" என்றார் கண்டக்டர். அம்மா தன் குரலைக் கேட்டபடியே தள்ளிப் போனாள்.

கேசட் நன்றாக விற்கிறதாம். அட்டையில் சினிமாப் பாடகர்கள் மூவரின் படம் பெரிதாக இருக்கிறது. அம்மாவின் படம் ஓரத்தில், தபால்தலை அளவுக்கு. உங்கள் பெயர் இல்லை. உங்கள் குரலும் இல்லை. குரல் ஏன் இல்லை என்பதை உங்களிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டேன் அப்பா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. லோயர் கேம்ப்பிலிருந்து ஆண்டிபட்டி வரை எந்த ஊர்த் திருவிழாவிலும் 'பெருமாள் - செல்லத்தாயி தெம்மாங்கு' என்றால் கூட்டம் கூடும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும், மதுரையில் கல்லூரி படித்த காலத்திலும் நீங்கள் இருவரும் பாடிக்கொண்டேதான் இருந்தீர்கள். அம்மா கேள்வி போடுவாள், நீங்கள் பதில் போடுவீர்கள். மேடைக்கு ஏறும்வரை அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று உங்களுக்கே தெரியாது.

உங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு கேள்வியை மூன்று முறைதான் பாடலாம். மூன்றாவதற்கும் பதில் வரவில்லை என்றால் பாட்டு செத்துவிட்டது என்று அர்த்தம். கேட்டவர் அதோடு இறங்கிவிட வேண்டும், மறுபடி ஏறக் கூடாது. அத்தனை வருஷத்தில் நீங்கள் அவளை மூன்றாம் முறை வரை காக்கவிட்டதில்லை.

பிறகு உங்கள் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். குரல் உலர்ந்த சோளத்தட்டையைத் தரையில் இழுப்பது போல ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கேசட் கம்பெனிக்காரர் மார்க்கையன்கோட்டைக்கு, நம் வீட்டுக்கு வந்தார். கம்பத்தில் மேடை போட்டு, சனங்கள் முன்னால், அம்மாவோடு சினிமாப் பாடகர்கள் ஜோடி சேர்ந்து பாட, அதை அப்படியே பதிவு செய்வது என்று ஏற்பாடு.

அவர் உங்களை மேடைக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"முன்னால உக்காந்தீங்கன்னா இருமல் மைக்குல விழும்ப்பா."

"அதுக்கென்ன ஆத்தா. நான் கடைசியில நின்னுக்கிறேன். உங்க அம்மாவ வெத்தல போட்டுட்டு ஏற வேணாம்னு சொல்லு, நாக்குத் தடிச்சுப்போகும்."

அம்மாதான் முறைத்தாள். "இவுக இல்லாம நான் எவன்கிட்டடி கேக்கறது?"

"தாள்ல எழுதிக் கொடுத்துருவாகம்மா. கேள்வியும் பதிலும் அதுலயே இருக்கும்" என்றேன். நான்தான் எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதென்பதால் அவள் பங்கை வாசித்து வாசித்து மனப்பாடம் செய்ய வைத்தேன். பள்ளிக்கூட வாத்தியாரம்மா இல்லையா நான்.

அன்று சாயங்காலம் ஐந்து பாட்டு எழுதியபடியே நடந்தது. அந்தப் பெரிய பாடகர்கள் நல்லவர்கள்தான். அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலில் அம்மாவுக்குத் தாள் மறந்துவிட்டது. பழக்கதோஷம். புதுசாக ஒரு கேள்வி போட்டுவிட்டாள்.

"சுருளிமலை ஓரத்துல சோளத்தட்டை மேயப் போன
ரெண்டு மாட்டில் ஒத்த மாடு எங்க நிக்குது சொல்லு மச்சான்?"

பக்கத்தில் நின்ற பாடகர் தாளைப் புரட்டினார். திருப்பிப் பார்த்தார். மைக்கிலேயே சிரித்தார்.

"என்ன தம்பி, தாள்ல மாடு இல்லையா?" என்றாள் அம்மா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் இரண்டாம் முறை பாடினாள். அவர் கைகளைக் கூப்பினார். அம்மாவின் முகம் மாறியதை நான் மேடைக்குக் கீழே இருந்து பார்த்தேன். மூன்றாம் முறை பாடினாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போதுதான் கடைசி வரிசைக்கும் பின்னாலிருந்து வந்தது.

"ஒத்த மாடு தொலையவில்ல, ஓடைத்தண்ணி குடிக்கப் போச்சு
சத்தங் கேட்டாத் திரும்பி வரும், சலங்கை கட்டி வையி புள்ள."

ராகம் இல்லை, வெறும் காற்றும் கரகரப்பும். ஆனால் தாளம் தப்பவில்லை. அம்மா கண்ணுக்கு மேல் கை வைத்து இருட்டுகிற கூட்டத்துக்குள் தேடினாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மேடையை விட்டு இறங்கினாள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது.

அடுத்த வாரம் பாட்டு வரிகளைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் கம்பெனிக்காரரும், ஒலிப்பதிவு செய்பவரும், அந்தப் பாடகரோடு வந்திருந்த இரண்டு பேரும் இருந்தார்கள். உங்கள் வரி வந்ததும் ஒலிப்பதிவுக்காரர் நாடாவை நிறுத்தினார். "இங்க எவனோ குடிகாரன் கத்துறான் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பி, "யாரும்மா அது, தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார்.

நீங்கள் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. எங்க அப்பா என்று இரண்டு சொல் போதும். சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருக்கும், ஒருவேளை மன்னிப்பும் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் சிரித்த குரலுக்கு மகள் நான் என்று சொல்ல எனக்கு அந்த நிமிஷத்தில் வாய் வரவில்லை.

"யாரோ கூட்டத்துல. வெட்டிருங்க" என்றேன்.

வெட்டினார்கள். அம்மா ஒரே ஒரு முறை கேட்கிறாள், உடனே கைதட்டல். கேட்பவர்களுக்கு ஒட்டுத் தெரியாது.

கேசட் வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். கட்டி திரும்ப வந்துவிட்டது. கடைசிப் பாட்டு முடிந்ததும் விரலைச் சுழற்றி, மறுபடி போடச் சொன்னீர்கள். போட்டேன். இன்னொரு முறை என்றீர்கள். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னீர்கள்:

"மைக்குக்கு எட்டல போல ஆத்தா. தூரமா நின்னுட்டேன்."

தூரமாக நிற்கச் சொன்னவளிடம், தூரமாக நின்றதற்கு வருத்தப்பட்டீர்கள். டேப் ரெக்கார்டரைத் துடைத்து மூடி வைத்தேன். இத்தனைக்கும் அதில் தூசியே இல்லை. நீங்கள் எதையாவது கண்டுபிடித்துவிட்டீர்களா அப்பா? தெரிந்துதான் பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்களா?

உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. ஊரே காத்திருந்தது. "பாட்டுக்காரி பாடாம இருக்காளே" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நான் கம்பெனிக்கு எழுதினேன். வெட்டாத நாடா இருந்தால் அந்த இரண்டு வரியை மட்டும் கொடுங்கள், அது என் அப்பா குரல் என்று எழுதினேன். எவ்வளவு சுலபமாக எழுத வந்தது பாருங்கள், அறையில் யாரும் இல்லாதபோது. அந்த நாடாவில் வேறு கச்சேரி பதிந்துவிட்டதாகப் பதில் வந்தது. உங்கள் குரல் இனி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. அம்மாவின் காதில் மட்டும்தான் இருக்கிறது.

கேசட்டைக் கேட்டுக் கேட்டு, அந்தக் காதையும் இப்போது அவள் நம்பவில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கேசட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏடி, அன்னிக்கு உங்க அப்பா நெசமாவே பாடுனாகளா? இல்ல எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா?"

நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நேற்றைய ஞாயிறும் கேட்டாள். "மூணாவதுக்கும் பதில் வராமயே எறங்கிட்டேனோ என்னவோ. அதான் கேசட்டுல இல்ல." அதனால்தான் பாடுவதை நிறுத்தியிருக்கிறாள் அப்பா. பாட்டு செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லோடு நான் வெட்டச் சொன்னதும் சேர்ந்தே வெளியே வரும் என்பதால்தான் இரண்டு முறை விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு முறைதான் இருக்கிறது. அவள் மூன்றாவதாகக் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை வேறு யாரும் படிக்கும் முன்னால் அவளுக்குத்தான் வாசிப்பேன், "வெட்டிருங்க" என்ற இடத்தையும் விடாமல். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். போகட்டும். நீங்கள் பாடினீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்த இரண்டு வரியும் எனக்குத் தப்பில்லாமல் மனப்பாடம். அதற்கு எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை.

உங்களை யாரோ என்று சொன்ன,
உங்கள் மகள்
முத்துலட்சுமி