நூர் என்று எழுதியவன்

அன்பு மகள் யோன்ஜாவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முழங்கால் வலியும் பழைய கோபங்களும் வழக்கம்போல் இருக்கின்றன, கொலோனின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்று. பெருநாளுக்கு நீ இங்கே வரக்கூடாது. டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று தெரியும், அந்தப் பணம் போனால் போகட்டும். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

வெள்ளிக்கிழமை உன் நுஸ்ரத் மாமாவின் பத்திரிகையில் வந்ததே, 'தூர தேசத்தில் இருக்கும் என் மகளுக்கு' என்று, அடியில் என் கையொப்பத்தோடு, அதை நான் எழுதவில்லை. ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. அவர்களுடைய டிவியின் காலை நிகழ்ச்சியில் ஒரு பெண் அதைக் கண்ணீரோடு வாசித்தாளாம், பின்னால் புல்லாங்குழல் வேறு. அந்நியன் கொடுக்கும் கூலிக்குச் சொந்த நாட்டைத் தூற்றாதே, திரும்பி வா, கல்லறையில் உன் தாய் உன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று. நீ கொலோனில் பேசுகிற அந்த இணையச் சேனலை ஒரு இடத்தில்கூடப் பெயர் சொல்லித் திட்டவில்லை என்பதைக் கவனித்தாயா? அதுதான் கெட்டிக்காரத்தனம். திட்டியிருந்தால் நீ சந்தேகப்பட்டிருப்பாய்.

இங்கே உஸ்குதாரில் ஒருவனும் சந்தேகப்படவில்லை. அன்று காலை தேநீர்க்கடை ஷாபான் நோன்புக்காகக் கடையை அடைத்துவிட்டு வாசலில் நின்றவன், என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே, கடைசியில நம்ம பக்கம் வந்துட்டீங்க, பொண்ணுன்னா எந்தக் கல்லும் கரைஞ்சிடும் பாருங்க" என்றான். இருபது வருஷமாக எனக்குச் சர்க்கரை போடாத தேநீரையும் வேண்டாத அரசியலையும் ஊற்றியவன், இப்போதுதான் முதல் தடவை கட்டிப்பிடிக்கிறான். கப்பல் துறைக்குப் பக்கத்தில் என் பழைய பத்திரிகைத் தோழர்கள் நோன்பு நாளிலும் உட்கார்கிற கடைக்குப் போனால், அவர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. ஒருவன் மட்டும் சத்தமாக, "என்ன விலைக்குப் போச்சுன்னு கேளுங்கப்பா, நமக்கும் ஒரு தரகர் கிடைப்பாரான்னு பாப்போம்" என்றான், மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு கூட்டத்திலும் ஒருவன்கூட 'இதை நீதான் எழுதினாயா' என்று கேட்கவில்லை. கேட்டால் அவர்களுடைய கதை கெட்டுப்போகும். இந்த நாட்டில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அவனைக் கேட்கிற வழக்கம் போய் ரொம்ப நாளாகிறது, எந்தச் சேனலைப் பார்க்கிறான், செத்தவர்களுக்கு எந்தச் சொல்லைச் சொல்கிறான் என்று பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சொல் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தில் உன் அம்மாவைப் பற்றிய இடத்தை நினைத்துப் பார். 'உன் தாய் ஹாஜெர், நூரில் உறங்கட்டும்' என்று இருக்கிறது. நான் யார் செத்தாலும் 'ஒளியில் உறங்கட்டும்' என்று சொல்கிறவன் என்று ஊருக்கே தெரியும். அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தானே வேலை போயிற்று. நான் வேலை பார்த்த இதே பத்திரிகை கைமாறிய பிறகு, இரங்கல் விளம்பரங்களில் ஒளி என்று வருவதையெல்லாம் நூர் என்று திருத்தச் சொன்னார்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவன் ஒளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், அவனுடைய பிணத்துக்கு நீங்கள் ஏன் பெயர் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன், வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கை காட்டி உள்ளே சேர்த்துவிட்ட நுஸ்ரத் அதே வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்தான், இன்றைக்குவரை எழுந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே வெளிச்சம்தான், ஒன்று அரபி, ஒன்று நம்முடையது, ஆனால் ஒன்றைச் சொன்னால் தொழுகிறவன், மற்றதைச் சொன்னால் தொழாதவன் என்று நம் ஆட்கள் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டே கணக்குப் போடுவார்கள். உன் அம்மாவும் நானும் இதற்காகப் போடாத சண்டையா? "ஒளி வேணும்னா மின்சார ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க, செத்தவங்களுக்கு எதுக்கு பல்பு? நூர்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்பாள். உன் நூரை வைத்து ஒரு வரி படிக்க முடியுமா என்று நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவளை அடக்கம் செய்த அன்று, மண் தள்ளி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, என் வாயில் நூர் என்றுதான் வந்தது. அவளுடைய சொல், அவளுக்கு மட்டும். அப்போது என் பக்கத்தில் இருந்தவர்கள் நீயும் நுஸ்ரத்தும் மட்டும்தான். அதற்குப் பிறகு நான் அவளைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசியதில்லை. இப்போது யோசி. வெளி ஆள் ஒருவன் என் பெயரில் போலியாக எழுத உட்கார்ந்தால், நாத்திகக் கிழவன், வேலையையே இதற்காக இழந்தவன், இவன் ஒளி என்றுதானே எழுதுவான் என்று நினைத்து ஒளி என்றே எழுதியிருப்பான், நீயும் அதைப் படித்ததும் 'அம்மாவுக்கு அப்பா அப்படிச் சொல்ல மாட்டாரே' என்று பிடித்திருப்பாய். நூர் என்று எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான். அதைப் பார்த்துத்தான் நீயும் நம்பினாய், எனக்குத் தெரியும். உன்னை நம்பவைக்க எழுதிய சொல் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கையொப்பம் எப்படிப் போயிற்று என்றால், கல்லறைக் கல் வைக்க மனு கொடுக்கும்போது நான்தான் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

நீ தொலைபேசியில் கூப்பிட்டாயே சனிக்கிழமை மாலை, அப்போது அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். குல்லாச் வாங்கிக்கொண்டு நோன்பு திறக்க வந்திருந்தான், பாலில் ஊறிய அந்தப் பண்டத்தை நான் தொடவில்லை. வரும்போதே, "நோன்பு வைக்காத மச்சான், நோன்பு திறக்க மட்டும் பாங்குக்கு முன்னாடியே ரெடி" என்று சிரித்தான். உன் அம்மா நோன்பு திறக்க மேசையில் சாப்பாடு வைத்த நேரத்துக்கே வைப்பதை நான் நிறுத்தவில்லை, அது என் விஷயம். பத்திரிகையை எடுத்து அவன் முன்னால் போட்டு யாருடைய வேலை இது என்று கேட்டேன். கொஞ்சமும் அசையவில்லை. "யார் எழுதினா என்ன மச்சான்? அதுல பொய்யா ஒரு வரி இருந்தா காட்டுங்க, நாளைக்கே மறுப்புப் போடறேன். மக வரணும்னு உங்களுக்கு இல்லையா? அக்கா கல்லறையை அவ பாக்க வேணாமா?" என்றான். அந்த நேரம் பார்த்து உன் அழைப்பு வந்தது. நீ அழுதுகொண்டே "அப்பா, படிச்சேன், வந்துடறேன்பா" என்றாய். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் 'ம்' என்றேன். வேறு எதுவும் சொல்ல முடியவில்லை, அவன் இருந்ததால் மட்டும் இல்லை, வரட்டுமே என்று எனக்கும் ஒரு கணம் இருந்தது. அந்த 'ம்'மை நம்பித்தான் நீ டிக்கெட் எடுத்திருக்கிறாய். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் நீ வைத்ததும் அவன் கேட்டது என்ன தெரியுமா? "எந்த விமானம்னு மட்டும் சொல்லுங்க மச்சான், நானே கார் கொண்டு வரேன். பின்னாடி நம்ம பையன் ஒருத்தன் சும்மா படம் புடிப்பான், குடும்ப ஞாபகத்துக்கு." குடும்ப ஞாபகத்துக்கு! திருந்தி வந்த மகள், அழுகிற அப்பா, நடுவில் மாமா, இதுதான் அவனுக்குப் பெருநாள் நிகழ்ச்சி. நீ ஒரு நிகழ்ச்சியில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்காக உன் மேல் திறந்த வழக்கு மூடப்படவே இல்லை. அவர்கள் சொல்வதைக் கேமராவுக்கு முன் சொன்னால் மாமாவின் காரில் வீட்டுக்கு, சொல்லாவிட்டால் வேறு காரில் வேறு இடத்துக்கு. அவன் அப்படி நினைக்கவில்லை என்று நீ சொல்லலாம். அவன் என்ன நினைக்கிறான் என்று அவனுக்கே இப்போது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

உன் முதலாளியையும் நான் நம்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. 'போய் வா, வழி நெடுகப் பதிவு செய்' என்று அவர் சொன்னதாக, டிக்கெட் எடுத்ததைச் சொல்லக் கூப்பிட்டபோது சொன்னாயே, எவ்வளவு தாராளம்! உன்னைக் கூட்டிப்போனால் நுஸ்ரத்துக்கு ஒரு நல்ல வாரம், உன்னைப் பிடித்துப்போனால் அவருக்கு ஒரு நல்ல வாரம். இரண்டு பக்கத்துக்கும் நீ செய்திதான், எனக்கு மட்டும்தான் நீ யோன்ஜா.

இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்பாய். இந்தக் கருவியே போன பெருநாளுக்கு அவன் வாங்கித் தந்தது, உள்ளே என்னென்ன வைத்துத் தந்தானோ. இங்கே தெரு முனையில் இருக்கும் தபால் நிலையத்திலும் போடப்போவதில்லை, அங்கே இருப்பவன் ஷாபானின் மருமகன். கப்பல் ஏறி அக்கரையில் போய்ப் போடுவேன். இனிமேல் நீ கூப்பிடும்போது நான் வா, வா என்றுதான் சொல்வேன், எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. அம்மாவின் கல்லறைக்குப் பெருநாள் காலையில் நான் போகிறேன், உன் பங்குக்கும் அவளுடைய சொல்லையே சொல்லிவிட்டு வருகிறேன். நீ வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே, கழுத்தை மூடிக்கொள். முக்கியமாக, இதை உன் சேனலில் வாசித்துவிடாதே, புல்லாங்குழல் இல்லாமலும் வேண்டாம். எனக்குப் பிரார்த்தனை வராது, அது வந்த உன் அம்மா எனக்கும் சேர்த்து நிறையச் செய்து வைத்திருக்கிறாள், அதெல்லாம் உனக்கே இருக்கட்டும், நன்றாக இரு.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். என் பெயரும் கையொப்பமும் அந்தக் கடிதத்துக்குப் போய்விட்டன, ஊர் முழுக்க அது நான் என்று ஒத்துக்கொண்டும் விட்டது. இனி என் பெயர் போட்டு உனக்கு எது வந்தாலும் அது நான் இல்லை என்று வைத்துக்கொள். இதை அடியில் ஒன்றும் எழுதாமல் அப்படியே தபாலில் போடுகிறேன்.