ஒன்பதாம் எபிசோடில் அவள் எழுந்த விதம்

அடங்காத என் இனியாவுக்கு,

உனக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன். தனியாக எழுதி மடித்து வைத்தால் அது அழுகையில் போய் முடிந்துவிடும். எனக்கு இப்போது அழ நேரமில்லை. ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அது உன்னால் வந்த சண்டை. என்ன நடந்தது என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

முதலில் நல்ல செய்தி. ஒன்பதாம் எபிசோடு வந்துவிட்டது. நீ வரைந்த பாலத்துச் சண்டை அதில் இருக்கிறது. யாரும் அதை வெட்டவில்லை, மாற்றி வரையவும் இல்லை. நீ எழுப்பிய மாதிரியேதான் அவள் எழுந்தாள்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், முகத்தைச் சுளிக்காதே. அக்காவும் தம்பியுமாக நாம் காலாங் பக்கத்தில் ஒரு சின்ன அனிமேஷன் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். தோக்கியோவில் தயாராகும் வாள்சண்டைத் தொடர் ஒன்றில் சில காட்சிகளை மட்டும் நம்மிடம் அனுப்புவார்கள். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைவது உன் வேலை. எந்தக் காட்சி யார் கையில் இருக்கிறது, எப்போது தோக்கியோவுக்குப் போக வேண்டும் என்று எல்லாரையும் விரட்டுவது என் வேலை. "வீட்டுல செய்றதுக்கு ஆபீஸ்ல சம்பளம் வாங்குறே" என்பாய்.

ஒன்பதாம் எபிசோடில் கதாநாயகி தனியாக ஒரு மரப்பாலத்தைக் காக்கிறாள். ஊர் மக்கள் தப்பிப் போகும்வரை எதிரியை அவள் தடுத்து நிறுத்த வேண்டும். அடிபட்டு விழுகிறாள், மறுபடியும் எழுகிறாள். நமக்கு வந்த ஸ்டோரிபோர்டு தாளில் அந்த இடத்தில் இருந்தது அவ்வளவுதான்: விழுகிறாள், எழுகிறாள். ரத்தப் புற்றுநோய்க்கான இரண்டாவது சுற்று சிகிச்சையை முடித்துவிட்டு அப்போதுதான் நீ வேலைக்குத் திரும்பியிருந்தாய். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்:

"இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுலதாங்க்கா நான் இருக்கேன். இதை எனக்குக் குடு. வேற யாருக்கும் குடுத்தே, பேச மாட்டேன்."

கொடுத்தேன். நீ எதை வரையப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். கிளமெண்டி வீட்டில் தினமும் பார்த்ததுதானே. கூடத்தில் விரித்த மெத்தையிலிருந்து நீ எழும்போது அம்மா ஓடி வருவார். "தொடாதீங்கம்மா, நானே எழுந்துக்குவேன்" என்பாய். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஒரு முழங்காலைக் கொண்டுவந்து, தொடையில் கையை வைத்து அப்படியே நிற்பாய். பாதி எழுந்த நிலையில் எதிர்ச்சுவரை ஒரு முறை முறைப்பாய். அப்புறம்தான் மேலே வருவாய். அந்த நேரத்தில் எதை முறைத்தாய் இனியா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதை அப்படியே அவளுக்குக் கொடுத்தாய். நனைந்த பலகையில் விரல்கள் வழுக்குகின்றன. முழங்கால் ஊன்றுகிறது. கை தொடைக்கு வருகிறது. நின்று, மூச்சு வாங்கி, முறைத்து, எழுகிறாள்.

தோக்கியோவில் நம் படங்களைச் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார். கதாநாயகி இப்படி எழக்கூடாதாம், வேகம் குறைகிறதாம், துள்ளி எழ வேண்டுமாம். நீ அப்போது மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தாய். குறிப்பை வாசித்துக் காட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் என்னவோ ஏதோ என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"துள்ளணுமாக்கா? அவரை இங்க வந்து துள்ளிக் காட்டச் சொல்லு லா. மாத்த மாட்டேன்னு எழுதிடு."

அந்தப் பதிலை நான் எழுதி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். காட்சியின் கடைசிப் பகுதி பென்சில் கோடாகவே நின்றுவிட்டது.

மண்டாய் மயானத்தில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தபடி ஆரம்பித்தார். "கண்ணு முழிச்சு பொம்மை வரைஞ்சு வரைஞ்சே உடம்பைக் கெடுத்துக்கிட்டான். நல்ல வேலைக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பான். பாவம், போராடித் தோத்துட்டான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் முடியவில்லை.

"வரைஞ்சதால வியாதி வரலை பெரியப்பா. வியாதி வந்தப்புறமும் வரைஞ்சான். இன்னொரு தடவை தோத்துட்டான்னு இந்த வீட்டுல சொல்லாதீங்க."

பெரியப்பா அதற்குப் பிறகு வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று சரவணன் என் மேசைக்கு வந்தான். உன் பக்கத்து இருக்கைக்காரன், திருச்சியிலிருந்து வந்தவன், உன்னை 'வாத்தியாரே' என்று கிண்டல் செய்பவன். முகம் செத்திருந்தது. முதலாளி மிஸ் லிம் உன் காட்சியை அவனிடம் கொடுத்து, துள்ளி எழுகிற மாதிரி மாற்றி வரையச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, அவன் வரைஞ்சதை என்னால அழிக்க முடியாதுக்கா. ஆனா முடியாதுன்னு சொன்னா என் ஒர்க் பாஸ் என்னாகும்? வீட்டுல எல்லாரும் என்னை நம்பித்தான் இருக்காங்க."

வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியும் போய்விடும் அவனுக்கு. "நீ எதுவும் சொல்ல வேணாம். ஃபைலைத் திறக்காம வை. நான் பார்த்துக்குறேன்" என்றேன்.

மிஸ் லிம்மிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, உன் மருத்துவமனைக் கட்டிலுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தவர்தான். "கயல், எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் கேட்பதை நாம் கொடுக்கிறோம்" என்றார் ஆங்கிலத்தில். நான் என் மேசைக்கு வந்து, அந்த எபிசோடின் இயக்குநருக்கே நேராக எழுதினேன். என்னைப் போன்ற ஒருங்கிணைப்பாளர் இயக்குநருக்கு எழுதுவது எங்கள் தொழிலில் நடக்காத காரியம். அனுப்பிவிட்டுத்தான் மிஸ் லிம்மிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். தம்பி செத்துப்போனான் என்றேன்.

இயக்குநர் காணொளி அழைப்பில் வந்தார். நரைத்த தாடி, தூக்கமில்லாத கண்கள். அவருக்குப் பக்கத்தில் சரிபார்ப்பவரும், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணும். இந்தப் பக்கம் நான், மிஸ் லிம், சரவணன். நான் எழுதிக்கொண்டு போனதை வாசிக்க ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பில் அது கெஞ்சல் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கேமராவைத் தரையைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லிவிட்டு, கூட்ட அறைக் கம்பளத்தில் படுத்தேன்.

உன் மாதிரியே எழுந்தேன் இனியா. முழங்கை, முழங்கால், தொடையில் கை. பாதியில் நின்றேன். மிஸ் லிம் பதறி என் தோளைப் பிடிக்க வந்தார். "தொடாதீங்க" என்றேன், தமிழில். அவருக்கு எப்படியோ புரிந்தது.

நான் எழுந்து நின்றேன். சரிபார்ப்பவர்தான் முதலில் ஏதோ சொன்னார். எழுவதற்கே இவ்வளவு நேரம் கொடுத்தால் அந்தச் சண்டை தாங்காது என்றாராம். இயக்குநர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாதியில் நிற்கும்போது அவள் எதைப் பார்க்கிறாள்?"

"தெரியாது. வரைந்தவனை நான் கேட்கவில்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழும் காட்சி அப்படியே இருக்கட்டும், அந்த இடத்தில் பின்னணி இசையையும் எடுத்துவிடலாம், நேரம் வேண்டுமென்றால் எதிரி சுழன்று பாய்கிற காட்சியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மொழிபெயர்ப்புப் பெண் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். சரவணன் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டான். உன் பென்சில் கோடுகளை முடித்துக் கொடுத்தவன் அவன்தான். உன் கோடு எங்கே நிற்கிறது, அவன் கோடு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் எபிசோடு வெளியானது. அம்மாவும் நானும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, வேகவேகமாக எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து பார்த்தோம். ஜப்பானிய வசனத்துக்குக் கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் விழுந்த இடத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன். சொல்ல எதுவும் இல்லையே, மழைச் சத்தம் மட்டும்தான். அவள் எழுந்தாள். அம்மா வெண்டைக்காய்ப் பையை மடியில் வைத்தபடி திரையையே பார்த்தார்.

"ஓடிப்போய்ப் பிடிக்கணும்னு எனக்குக் கையெல்லாம் பரபரன்னுச்சு" என்றார். "நல்லவேளை, யாரும் பிடிக்கலை. அவனுக்குக் கோபம் வந்திருக்கும்."

இணையத்தில் சிலர் அந்தக் காட்சியைக் கேலி செய்தார்கள். கிழவி மாதிரி எழுகிறாளாம். வேறு சிலர் திரும்பத் திரும்பப் பார்த்ததாக எழுதினார்கள். தன் அப்பா இப்படித்தான் எழுவார் என்று எந்த நாட்டுக்காரரோ ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் படித்தேன். நீ இருந்திருந்தால் கேலி செய்தவர்களுக்குத்தான் பதில் எழுதியிருப்பாய்.

இதற்கு நானும் விலை கொடுத்தேன், மறைக்கவில்லை. மிஸ் லிம் அந்தத் தொடரிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இப்போது ஒரு பால்மாவு விளம்பரத்தில் ஆடுகிற கரடியை மேய்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே, கரடி நன்றாகத்தான் ஆடுகிறது.

ஆனால் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடியபோது உன் பெயர் இல்லை. நம் நிறுவனத்தின் பெயர் மட்டும் ஒரு வரியில் வந்து போனது. சரவணன் பெயரும் இல்லை, வண்ணம் தீட்டிய பெண்கள் பெயரும் இல்லை. மிஸ் லிம்மிடம் கேட்டேன். "எப்போதும் இப்படித்தானே" என்றார். எப்போதும் இப்படித்தான் என்பது எனக்குப் பதிலாகப் படவில்லை. மதிய உணவு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் பேசினேன். முதலில் தயங்கினார்கள். பிறகு சரவணன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "நான் வரைஞ்சேன்னு எங்கம்மாகிட்ட காட்டணும்க்கா. என் பேரையும் சேர்த்துக் கேளுங்க." ஒர்க் பாஸை நினைத்துப் பயந்த அதே சரவணன்தான்.

தொடரின் அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் பேச, வருகிற திங்கட்கிழமை தோக்கியோவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரைந்த எல்லாருடைய பெயரும் திரையில் வர வேண்டும், ஒன்பதாம் எபிசோடை டிவிடி வட்டாக வெளியிடும்போது உன் பெயரும் அதில் இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறோம். அந்தக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

போகிறேன். முன்வரிசையில் உட்காருவேன். எழுத்துப் பிழை வராமல் இருக்க உன் பெயரை எழுத்தெழுத்தாக நானே உரக்கச் சொல்லுவேன். வெளியே போகச் சொன்னால் முடியாது என்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

யாருக்கும் அடங்காத உனக்கு,
அதைவிட அடங்காத அக்கா,
கயல்விழி