வலி நின்றுபோன பல்

கனோரா
மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள டாரஸ்,

இங்கே அப்பாவும் நானும் சுகம், லெசியாவும் சுகம்தான், வலது கன்னம் மட்டும் இன்னும் கொஞ்சம் வடிய வேண்டியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை எனக்கே தெரியும் என்பதால் கேட்கவில்லை. மூன்று வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும், பள்ளியில் ரிப்போர்ட் கார்டு வேலை, அப்பாவுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட், இங்கே குளிர் மைனஸ் இருபத்தெட்டு, இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிப் போட்டுவிட்டேன். போனில் பேசினால் உன்னிடமிருந்து வருவது “ம்”, “சரிம்மா”, “பஸ் கெளம்புது” என்று மூன்றே பதில், மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை அப்பாவின் கோட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன், நீ பிரிக்கும்போது அவர் வெர்னா வீட்டுச் சமையலறையில் உன் எதிரில் உட்கார்ந்து காபியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐஸ் ஹாக்கி ஆட வெளியூர் வந்த பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிற அந்த வெர்னாவும் பக்கத்தில்தான் நிற்பாள். எதற்கு வந்தீர்கள் என்று அவரிடம் கேட்காதே, கடைசிவரை படி.

லெசியாவிடமிருந்து தொடங்குகிறேன், உன் விஷயம் அவள் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு வாரமாகவே அவள் இடது பக்கம் மட்டும் மென்றுகொண்டிருந்தாள், உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையைக்கூடப் பட்டாணி அளவுக்குக் கிள்ளித்தான் வாயில் போட்டாள், கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்பாள், அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் கன்னம் வீங்கியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப் பால்பல்லுக்குக் கீழே ஈறில் வெள்ளை முனையோடு ஒரு கொப்புளம். பல்லின் மேல்பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது, சொத்தை விழுந்தது இரண்டு பல்லுக்கும் நடுவில், பிரஷ் போகாத இடத்தில். அந்த இடுக்கில் தினமும் நூல் விட்டு எடுக்க வேண்டும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பெரியவர்கள்தான் செய்துவிட வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா, வருஷா வருஷம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பாடம் எடுக்கிறவள் நான். வீட்டில், தூங்கி வழிகிற குழந்தையை ஏன் படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். பல் தேய்த்த பிறகு ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் வேறு. உன் ஆட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது ஆறு மணி நேரமும் வண்டியில் அவள் வாயில் ஒட்டுமிட்டாய், அழாமல் வந்தால் போதும் என்று நானே பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தேன்.

நேற்றுக் காலை டாக்டர் அடேயெமியிடம் கூட்டிப்போனேன், நீ இங்கிருந்து போன பிறகு வந்தவர், நைஜீரியாக்காரர், குழந்தைகளிடம் கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார். எக்ஸ்ரே எடுத்தார், ஈறில் மரத்துப்போகிற களிம்பைத் தடவினார், ஸ்ட்ராபெரி வாசனை வருகிற சிறு மூக்குமூடியை மாட்டினார், லெசியா ராணி மாதிரி சாய்ந்துகொண்டாள். அவர் என்னிடம் படத்தைக் காட்டி, பல்லின் நரம்பு செத்துவிட்டது, வேருக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது, அது வெளியே வர வழி தேடித்தான் இந்தக் கொப்புளம், பால்பல் என்பதால் எடுத்துவிடலாம், பிறகு அந்த இடத்தில் ஒரு கம்பி வளையம் வைத்தால் பக்கத்துப் பல் சாயாமல் இருக்கும், அடியிலிருக்கும் பெரிய பல் பத்துப் பதினோரு வயதில் தன் இடத்துக்கு ஒழுங்காக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று லெசியா மூக்குமூடியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். “டாரஸுக்கும் இதே கொப்புளம் இருக்கு. அவனுக்குப் பால்பல்லே கெடையாது. அவன் செத்துப்போயிடுவானா?” என்றாள்.

என் கையில் அவளுடைய குளிர்க்கோட்டு இருந்தது, அதை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை. டாக்டர் அவளையே கேட்டார், அவளும் சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேல் வரிசை முன்பல், இடது பக்கம், ஹாலோவீன் அன்று ஆட்டத்தில் யாரோ மட்டையால் அடித்தது, ஒரு வாரம் வலித்ததாம், பிறகு நின்றுவிட்டதாம், பல் இப்போது டீ சிந்தின துணி நிறமாம். பல்லுக்குப் பயப்படாதே, எனக்கும் இருக்கிறது பார், வலி போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என்று நீ வீடியோவில் உதட்டைத் தூக்கிக் காட்டினாயாம், அம்மாவிடம் சொல்லக் கூடாதென்று சுண்டுவிரலைக் காட்டிச் சத்தியம் வாங்கினாயாம். டாக்டர் என்னிடம் “ஹாக்கி ஆடுறானா?” என்று கேட்டார், ஆமாம் என்றேன். “அப்ப வாயால சொல்ல மாட்டான், வாயைத் தொறந்துதான் பாக்கணும். இந்த ஊர் ஹாக்கிப் பசங்க சிரிச்சா பாதிக் கட்டை பிடுங்கின பியானோ மாதிரி இருக்கும்” என்றார். அப்புறம் லெசியாவிடம், “உங்கண்ணன் சாக மாட்டான் தங்கம், பல்லுதான் செத்துப்போச்சு. செத்த பல்லு வலிக்காது, அதுனால அவன் பொழைச்சுக்கிச்சுன்னு நெனச்சுட்டான். நீ சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு, இப்பப் படுத்துக்கோ” என்றார். பல்லை எடுத்தபோது அவள் சத்தமே போடவில்லை. வீடு வரும்வரை மரத்துப்போன உதட்டோடு ஒன்றையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள், “டாரஸ் இனி என்கூடப் பேசுவானா?”

டாக்டர் தனியாக என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சீழுக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டதால் வலி இல்லை, உள்ளே வேரைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். விட்டால் ஒருநாள் பல் ஆடும், விழும், இல்லாவிட்டால் வாசல் அடைபட்டு முகம் வீங்கி ஜுரம் வரும், அன்றைக்குப் பல் டாக்டரிடம் போக முடியாது, நேராக ஆஸ்பத்திரிதான். இப்போதே போனால் ரூட் கேனால் செய்து பார்க்கலாம். நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் பின்பக்கம் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே செத்துக் கிடப்பதை எடுத்துக் கழுவி, மருந்து வைத்து மூடுவார்கள், ஒன்றரை மணி நேரம், இன்னொரு தடவை போக வேண்டியிருக்கலாம். நிறத்தை உள்ளேயிருந்தே வெளுக்க வைக்கலாம், பின்னால் வேண்டுமானால் கேப் போடலாம். ஆனால் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், பல் நிச்சயம் தங்கும் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் நீ இங்கே இருந்தாய், சிரிக்கும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டாய், வளர்ந்த பிள்ளை, ஏதோ பெண் விஷயம் என்று நினைத்தேன். உன் முதல் பல் முளைத்தபோது ஈரத்துணி சுற்றிய விரலால் அதைத் துடைத்துவிட்டது நான்தான், பத்தொன்பது வயதில், மறுநாள் தேர்வுக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல். அந்த வாயை நான் பார்க்காமல் விட்டேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா எழுந்ததும் சொன்னேன். வெளியே போய், குளிரில் இன்ஜின் உறையாமலிருக்க வண்டிக்கு மின்சார வயரைச் செருகினார், அதற்கு ஒரு நிமிடம் போதும், கால் மணி நேரம் நின்றார். உள்ளே வந்து “எனக்குத் தெரியும் ஜனெல்” என்றார். கிறிஸ்துமஸின்போது கராஜில் ஸ்கேட் தீட்டும்போது நீ காட்டினாயாமே, சீசன் முடியட்டும், அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவரும் சொன்னாராமே. அப்போது நான் பேசியதை எழுதினால் காகிதம் தாங்காது, உங்கள் ரெண்டு பேர் தலைக்குள்ளும் ஐஸ்தான் உருகாமல் கிடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மேஜையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற அந்தக் கழற்றுப் பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பல் போன கதை உனக்குத் தெரியும், இறுதி ஆட்டம், ரப்பர் வட்டு வாயில் பட்டது, பல்லை ஐஸில் துப்பிவிட்டு ஆடி முடித்தார் என்று. எங்கள் கல்யாண விருந்தில் அவர் தோழன் எழுந்து நின்று சொன்னான், அத்தனை பேரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லையாம் டாரஸ். நவம்பரில் யாரோ முழங்கையால் இடித்தது, நிறம் மாறியது, வலி நின்றது, யாரிடமும் சொல்லவில்லை, மே மாதம் ரொட்டியைக் கடித்தபோது பல் ஆடியது, ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய் எடுத்துக்கொண்டு வந்தார். பல்லைப் பிடுங்கிய கிழ டாக்டர் “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா வீட்டுக்குப் பல்லோட போயிருப்ப தம்பி” என்றாராம். “நான் சொன்னா அவன் மூஞ்சியைப் பாக்க முடியாது, நீயே எழுதிடு” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நீ அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் பேச வேண்டியதில்லை, கேலி மட்டும் செய்யாதே.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நேற்று மத்தியானமே வெர்னாவுக்குப் போன் செய்தேன். “பன்னைப் பிச்சுப் பிச்சு ஓரமா மெல்லுறான், ஆப்பிளைக் கத்தியில நறுக்குறான், என் பன்னுதான் கல்லு மாதிரி இருக்கோன்னு நான் மாவையே மாத்திட்டேன்” என்கிறாள் பாவம். ஆடும்போது பல்லுக்குக் கவசமாக மாட்டுகிற மவுத் கார்டை அவளுடைய சமையலறைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினாயாமே, ஐஸில் கத்துவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று. டாக்டர் அடேயெமி தானே பேசி உங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார், அப்பா கூட்டிப்போவார். பிறகு நான் கோச் லைலுக்குப் போன் செய்தேன். ஆமாம், சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மினசோட்டா கல்லூரியிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஆள் வருவது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவர் நேர்மையான மனிதர், “வெள்ளிக்கிழமை அவனை ஐஸ்ல எறக்க மாட்டேன்மா. சனிக்கிழமை டாக்டர் எழுதிக் குடுத்தா, ஹெல்மெட்டுல முகத்தை மறைக்கிற கம்பி வலை மாட்டிட்டு வரட்டும், பாக்கலாம். அவன் இடத்துல ஆடுற பையன் நல்லா ஆடிட்டான்னா என்ன பண்ணுவேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது” என்றார். இதில் உனக்கு என்ன போகும் என்று தெரிந்துதான் செய்தேன். பதினெட்டு வயது ஆகிவிட்டது, வியாழக்கிழமை நீ நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றால் அப்பாவாலோ என்னாலோ தூக்கி உட்கார வைக்க முடியாது. அது உன் கையில் இருக்கிறது. மறைத்துக்கொண்டு ஆடுவது மட்டும் இனி உன் கையில் இல்லை, அதை நான் எடுத்துவிட்டேன்.

பெட்டியில் ஒரு டஜன் பெரோகி உறைய வைத்து அனுப்பியிருக்கிறேன், வெர்னாவிடம் கொடு, ஊசி போட்டு வாய் மரத்துப்போயிருக்கும்போது எதையும் சாப்பிடாதே, உதட்டைக் கடித்துக்கொள்வாய். மெல்லிய பிரஷ் நாலு, இடுக்கு நூல் இரண்டு டப்பா இருக்கிறது. நூல் விடும்போது ரத்தம் வருகிறது என்று நானும் நிறுத்திவிட்டிருந்தேன், நிறுத்தியதால்தான் ரத்தம் வருகிறது என்று டாக்டர் என்னையும் திட்டினார், இரண்டு வாரம் விடாமல் செய்தால் நிற்குமாம். இரவு தேய்த்த பிறகு நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே, அந்த நீல நிற விளையாட்டுப் பானத்தை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்காதே, தாகத்துக்குத் தண்ணீர் போதும். உன் வாய்க்கு அச்சு எடுத்துப் புது மவுத் கார்டு செய்யச் சொல்லியிருக்கிறேன், அதைக் கத்தரிக்கோல் பக்கம் கொண்டுபோகாதே. அப்பா திரும்பும்போது சாலையில் பனி பறந்தால் அங்கேயே தங்கச் சொல், என் பேச்சைக் கேட்க மாட்டார், உன் பேச்சைக் கேட்பார்.

நீ நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அது எந்த ஊர் ஐஸில் என்றாலும் எனக்குச் சம்மதம், கடவுள் உன்னோடு இருக்கட்டும். என்மேல் கோபம் வரும், வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, நான் எங்கேயும் போகப் போவதில்லை. ஆனால் லெசியா நேற்று ராத்திரியிலிருந்து கஞ்சியைக்கூடத் தொடவில்லை, உன் போட்டோவைத் தன் அறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள், அவளைப் பார்க்க உன் படத்துக்குப் பிடிக்காதாம். மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவளுக்குச் செய், சொன்னது சரிதான் என்று உன் வாயாலேயே சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா