மூன்று நொடியில் சாதிச் சான்றிதழ்

கள்ளக்குறிச்சி,
21.2.2021

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலிதான் ஜாஸ்தி. கனடாக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நீ செய்து அனுப்பிய இட ஒதுக்கீட்டு வரலாற்று விளையாட்டை எங்கள் கல்லூரி முதல்வர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். என் வரலாற்று வகுப்பில் இனிமேல் அசைன்மென்ட் எழுத வேண்டாமாம், போனில் விளையாடி வாங்குகிற மார்க்கே இன்டர்னல் மார்க்காம். இங்கே ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்து உளுந்தூர்பேட்டையில் நின்ற பஸ் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது, உன் விளையாட்டில் ஒரு பெண் பட்டனை அமுக்கினால் மூன்று நொடியில் சாதிச் சான்றிதழ் வருகிறது, மேலிருந்து பூ வேறு கொட்டுகிறது. நூறு வருஷச் சண்டையைப் பூக்கொட்டி முடித்துவிட்டாய், கெட்டிக்காரன்தான்.

என் மாணவி ஆண்டாளுக்குக் கல்வராயன் மலையில் வீடு. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறாள், சான்றிதழ் பட்டன் வந்ததும் நின்றுவிட்டாள். உன் விளையாட்டு அவளுக்குப் பூஜ்யம் போட்டது. கொரோனா விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் ஏன்டி அமுக்கவில்லை என்று கேட்டேன். எங்கப்பா சர்ட்டிபிகேட்டுக்கு ஆறு தபா ஆபீசுக்குப் போய்க்கினு வந்தாரு டீச்சர், இன்னும் குடுக்கல, நான் இங்க அமுக்கினா பொய் சொன்னாப்ல ஆயிடும்ல என்றாள். எனக்குக் காறித் துப்ப வந்தது, அவளை அல்ல.

போனை எல்லாம் பையில் வைக்கச் சொன்னேன். வீட்டில் யாரை எந்த வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு நாலு பக்கம் எழுதி வரச் சொன்னேன். ஆண்டாள் எழுந்து படித்தாள். நிஜமாகவே மலைச்சாதிதானா என்று சோதிக்க, உங்க சனத்தில் பிணத்தை எப்படி அடக்கம் செய்வீங்க என்று ஆபீசில் அவள் அப்பா இருசப்பனிடம் கேட்டார்களாம், அவரும் ஒன்று விடாமல் சொன்னாராம், சொல்லி முடித்ததும் எழுதிக்கொள்ள ஆள் இல்லை, பிறகு வா என்றார்களாம். மறியலுக்குப் போய்வந்த தெய்வசிகாமணி கடைசி பெஞ்சில் இருந்தான், நாங்களாச்சும் ரோட்ல படுத்துக் கேட்டோம் டீச்சர், இவங்க ஊருக்குப் படுக்க ரோடே இல்லியே என்றான்.

அந்தத் தாள்களுக்கு நான் மார்க் போட்டதும் முதல்வர் மெமோ கொடுத்தார். பதிலாக ஆண்டாளின் நாலு பக்கத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் வைத்திருந்து மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சான்றிதழ் மட்டும் இன்னும் வரவில்லை.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. உன் வேலையும் கையும் ஆசீர்வதிக்கப்படட்டும். வருகிற திங்கள் இருசப்பன் ஏழாவது தடவையாகப் போகிறார், எழுதிக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிவிடாமல் இருக்க நானும் பேனாவோடு கூடப் போகிறேன். உன் விளையாட்டில் அந்த வாசலுக்கு வெளியே நாள் முழுக்க உட்கார ஒரு பெஞ்சாவது போடு.

உன் அம்மா,
இசபெல்லா லூர்துராஜ்