தணிகாவின் தூளில் தப்பில்லை

அன்பு மச்சான் தணிகாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நான் அனுப்புகிற மெயிலில் வணக்கம்கூட இருக்காது என்று கிண்டல் செய்வாய். அப்படிப்பட்டவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். அதுவும் எல்லோரும் படிக்கிற இடத்தில். காரணம் இருக்கிறது. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யும் எல்லோர் முன்னாலும் சொன்னதுதான்.

முதலில் லேப் சேதி. சிறுசேரியில் நம் ரியாக்டர் அதே மூலையில்தான் நிற்கிறது. மெத்தனாலும் தண்ணீரும் ஆவியாகி உள்ளே போய்க் காப்பர் தூளின் மேல் படுகின்றன. மறுபக்கம் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியே வருகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன் தண்ணீர் கொடுப்பது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாய். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாய். "அப்ப மழ பேஞ்சா பெட்ரோல் போட வேணாமா அண்ணாத்த?" என்று கேட்டார் அவர். நீ இறங்கும் வரை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தாய்.

லேப் பக்கமே வராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூள் உள்ளே போகும்போது காப்பர் ஆக்ஸைடு, கருப்பாக இருக்கும். நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து விட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று சூடேற்றி, அதைக் காப்பராக்க வேண்டும். அந்த மாற்றமே சூட்டைக் கிளப்பும். அவசரப்பட்டால் சூடு எகிறி, காப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பிறகு அந்தத் தூள் உதவாது. இது எனக்கு மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

நான் அந்தத் தப்பைச் செய்த நாளுக்கு மறுநாள் ரிவியூ. உன் தங்கை நிச்சயதார்த்தத்துக்காக நீ அன்று ஒரு நாள் லீவில் இருந்தாய். வீட்டுக்குப் போக ஐந்தே முக்கால் ஷட்டில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நிமிடத்துக்குப் பத்து டிகிரி வைத்தேன். முந்நூறு டிகிரியைத் தாண்டவே கூடாது; தூளுக்குள் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் முந்நூற்று நாற்பதைத் தொட்டது. பார்த்தேன். பார்த்துவிட்டு மெத்தனாலைத் திறந்தேன். ஹைட்ரஜன் பாதிகூட வரவில்லை.

ரிவியூவில் லேபை நடத்தும் மேடம் காரணம் கேட்டார். நீ செய்த தூளின் தயாரிப்பில்தான் கோளாறு, அதில் ஒட்டியிருக்கும் சோடியம் முழுதாகக் கழுவப்படவில்லை போல என்றேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"உள்ள டெம்பரேச்சர் எவ்ளோ போச்சு மச்சான்?"

"நார்மல்தான்."

நீ தலையாட்டினாய். கணினியில் பதிவு இருந்தது, திறந்து பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? என் வாய்ச்சொல்லே போதும் என்று விட்டுவிட்டாயா?

அடுத்த மூன்று வாரத்தில் ஆறு முறை புதிதாகத் தூள் செய்தாய். ஒவ்வொரு முறையும் கழுவி, வடிகட்டி, எங்கே சோடியம் தங்குகிறது என்று தேடி, மறுபடி கழுவினாய். மேடம் வேறு வேலையைப் பார்க்கச் சொல்லியும் விடவில்லை. நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, உன் தூள்தான் காரணம் என்று அறிக்கை எழுதினேன். ஏழாவது முறைக்கு ஆயத்தம் செய்திருந்தபோது காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனாய். டெங்கு. நான்கே நாளில் போய்விட்டாய்.

போன மாதம், உன் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி அலமாரியைக் காலி செய்தாள். உன் பாட்டில்களைக் காட்டி, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் கெடுத்தது போக, அந்த முதல் தூளில் ரியாக்டரில் போடாத மிச்சம் இருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரியில் சூடேற்றினேன். ரியாக்டர் நாலு நாள் ஓடியது. ஹைட்ரஜன் நீ கணக்குப் போட்ட அளவுக்கு வந்தது, குறையவில்லை. ஆக, உன் கழுவலில் முதலிலிருந்தே தப்பு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் உன் அப்பாவின் மனைத் தரகுக் கடைக்குப் போனேன். மனை பார்க்க வந்தவர்களை அனுப்பிவிட்டு உன் அப்பா வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வேதியியல் அவருக்குப் புரிந்திருக்காது. மற்றது புரிந்தது.

"அப்ப அவன் அத்தினி நாளு கழுவிகினு இருந்தது?"

"தேவையே இல்லப்பா."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "வூட்லயும் அதே பேச்சுதான் நைனா. எங்க தப்பு பண்ணேன்னே தெர்லப்பான்னு கேட்டுகினே இருந்தான். காய்ச்சல்லயும் கேட்டான்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னான்ட சொல்லி இன்னா ஆவப்போது? அவன் மேல தப்புன்னு எங்க சொன்னியோ, அங்க போய் சொல்லு."

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ் ஏறி வந்து தூங்கியிருப்பேன்.

வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ரிவியூ. உன் தூள்தான் காரணம் என்று எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அந்த நாளின் வெப்பநிலைப் பதிவைத் திரையில் போட்டு, முந்நூற்று நாற்பது என்று வாயால் சொல்கிறேன். பார்த்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஷட்டிலுக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அதையும் சொல்வேன், தணிகா.

உன் மச்சான்,
பிரபு