திக்கித் திக்கி ஓடும் லாரி

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

ஒரே வீட்டில் வளர்ந்துவிட்டு உனக்கு மெயில் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னித்துக்கொள். போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் என்னை நலம் விசாரிக்கிறார்கள்.

சில வாரங்களாக ஞாயிற்றுக்கிழமை நீ நம் ஆன்லைன் லாரி விளையாட்டுக்கு வருவதில்லை. நான் கிளம்பும்போது வீட்டு கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டு வந்தேனே, அதிலிருந்து லாரி திக்குகிறதாம். நல்லா இருந்த பெட்டியைப் படித்தவள் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று அம்மா குறைபட்டுக்கொண்டார். பழையது அப்டேட் கேட்டே உயிரை வாங்கியதை அவர் மறந்துவிட்டார்.

எனக்கு அந்த ஞாயிறு வேண்டும் அண்ணா. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீ முன்னால், நான் பின்னால் லாரி ஓட்டிக்கொண்டே என்றால் சொல்லிவிடுவேன். வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் அப்படித்தானே?

திரையில் படம் வரைகிற கார்டை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரை, அந்தக் கார்டு கம்பெனியே தருகிற டிரைவராக மாற்று. திரையில் ஜன்னல்கள் குலுங்கி மூடுகிற அலங்காரத்தையெல்லாம் அணைத்துவிடு. பவர் செட்டிங்கில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடு. கடைசி இரண்டும் என் பக்கத்து மேசைக்காரர் சொன்னது. அவரும் லினக்ஸ்தான்.

உன் அன்புத் தங்கை

ஜூன் 9

ஊமைக்கோட்டானுக்கு அண்ணன் எழுதுவது,

மெயிலுக்கு எதுக்கு மன்னிப்பு? நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

நீ சொன்ன எல்லாம் செஞ்சேன். வெல்டிங் பட்டறையிலேர்ந்து வந்து கையைக் கழுவிட்டுத்தான் கீபோர்டைத் தொட்டேன். நேர் ரோட்டுல இப்ப பரவாயில்லை. புது வளைவு வந்தாலோ மழை வந்தாலோ நின்னு நின்னு போகுது. வீட்டுக்கு வந்தவங்க உன் பேரைக் கேட்டா ஒரு நிமிஷம் முழிப்பியே, அதே மாதிரி. நம்ம ரெண்டு லாரிக்கு நடுவுல எவன் நுழைஞ்சாலும் இடிச்சுப் பள்ளத்துல தள்ளுவேனே, இப்ப நானே பள்ளத்துல கிடக்கேன்.

இத்தனைக்கும் நீ அங்கே எனக்காக உக்காந்திருப்பியேன்னு, விளையாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி திரையில நிரம்பிக்கிட்டே ஓடுற பட்டையைக்கூட ‘ஸ்கிப்’ அழுத்திட்டு ஓடி வரப் பார்க்கறேன்.

என்ன விஷயம்? யாராவது திட்டினாங்களா? வேளாவேளைக்குச் சாப்பிடறியா?

அண்ணன்

ஜூன் 10

அன்புள்ள அண்ணா,

யாரும் திட்டவில்லை. சாப்பிடுகிறேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். அந்தப் பட்டைதான் அண்ணா எல்லாமே. வளைவு, மழை, எதிர்வண்டி வெளிச்சம் இதையெல்லாம் எப்படி வரைவது என்று உன் கார்டுக்கு ஏற்றபடி முன்கூட்டியே தயார் செய்து வைக்கிற வேலை அது. நீ ஸ்கிப் செய்தால், வளைவு வந்தபிறகுதான் அடுப்பையே பற்றவைக்கிறது. முதல் தடவை நிறைய நேரம் ஆகும். பிறகு பழகிவிடும்.

என்னைக் காக்க வைக்கக் கூடாது என்று அவசரப்பட்டாய். அதனால்தான் இத்தனை வாரம் காத்திருந்தேன். இனி அந்தப் பட்டை முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் எங்கேயும் போகமாட்டேன்.

தங்கை

ஜூன் 12

ஊமைக்கோட்டானுக்கு,

கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். பட்டை ஓடி முடியறதுக்குள்ள அம்மா ரெண்டு தடவை வந்து, செத்துப்போச்சான்னு கேட்டுட்டுப் போனாங்க. அப்புறம் மலைப்பாதை முழுக்க மழையில ஓட்டினேன். வெண்ணெயில கத்தி போற மாதிரி போச்சு. அம்மாவும் பின்னாடி நின்னு பார்த்தாங்க. படிச்சவ சும்மா செய்வாளான்னு இப்ப பேச்சு மாறிடுச்சு.

ஞாயித்துக்கிழமை வந்துடு. உன் விஷயத்தையும் கொண்டு வா. பக்கத்து மேசைக்காரருக்கு நன்றி சொல்லு. அவருக்கு அங்கே வேற வேலையே இல்லையா?

அண்ணன்

ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

நன்றி சொன்னேன். காது சிவந்துவிட்டது அவருக்கு.

வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன் பழக்கம் தெரிந்ததால் முன்னாலேயே எழுத வேண்டியதாகிவிட்டது.

அவரும் என்னைப்போலத்தான், அதிகம் பேசமாட்டார். விளையாட்டில்கூட, ஆளே இல்லாத ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார். நீ சிரிப்பாய் என்று தெரியும். உன்னிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் உனக்குப் பிடிக்க வேண்டும், அம்மாவிடம் பிறகுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் ஹெட்போனிலேயே சொல். கேட்டுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் இரண்டு லாரிக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு லாரி வந்து சேரும்.

இடித்துவிடாதே, அண்ணா.

உன் தங்கை